வாசலில் வண்ணக் கோரை

சென்ற கூட்டத்தில், நம் சங்க அலுவலகத்தின் குழாயடியில் இரண்டு தொட்டிகளில் வண்ணக் கோரை வைக்கலாம் என்று நான் ஒரு யோசனை சொன்னேன். உடனே முதிய அங்கத்தினர் ஒருவர் எழுந்தார். "ஐயா, சொர்ணவாரிக்கும் சம்பாவுக்கும் ஆள் வைத்துப் பிடுங்கி வரப்பில் எறிகிறோம். அதே கோரையைக் காசு கொடுத்து வாங்கி வாசலில் வைக்கச் சொல்கிறீர்களா?" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று அவருக்கு விடை சொல்ல நேரமில்லை. மின்கட்டணப் பேச்சு வந்துவிட்டது. அவர் கேட்டதில் பாதி நியாயம் இருந்தபடியால், விடையைச் சற்று விரிவாகவே எழுதுவது முறை என்று இந்தப் பக்கங்களை நாடினேன்.

கோரை என்பது ஒரு செடியின் பெயரன்று; ஒரு பெருங்குலத்தின் பெயர். உலகில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் அக்குலத்தில் உண்டு. அவர் பிடுங்கி எறிவது கோரைக்கிழங்கு. நாட்டு வைத்தியர் முத்தக்காசு என்று சீட்டில் எழுதுவதும் அதுவே. உலகின் மிகக் கொடிய களைகளை வரிசைப்படுத்தி 1977இல் அறிஞர் சிலர் வெளியிட்ட நூலில் முதலிடம் பெற்ற பெருமை அதற்கு உண்டு. மேலே அறுத்தால் கீழே கிழங்கு இருக்கும். ஒரு கிழங்கை எடுத்தால் சரடு கோத்தாற்போல் அடுத்தது மண்ணில் நிற்கும். அதன் மேல் உழவருக்குள்ள பகை நியாயமானது. அதே குலத்தில்தான் பாய்க்கோரையும் பிறந்திருக்கிறது. கரூர், நாமக்கல் பக்கம் காவிரிப் பாசனத்தில் அதைப் பயிராகவே வைத்து அறுக்கிறார்கள். தாமிரவருணிக் கரையில் பத்தமடைப் பாய் நெய்வோர் கோரையை ஊறவைத்து, நூலினும் மெல்லியதாய்க் கிழித்து, பருத்தி நூலும் பட்டும் பாவாகக் கட்டி நெய்வதை நம் நெசவாளர் பலர் கண்டிருப்பர். எகிப்தியர் பண்டைக் காலத்தில் எழுதுவதற்குத் தாள் செய்துகொண்ட பாபிரஸும் இக்குலத்ததே. ஒரு குலத்தில் ஒருவன் திருடன் என்பதற்காகக் குலம் முழுவதையும் ஊரைவிட்டு விலக்குவது நம் வழக்கமன்று.

இக்குலத்தில் இலைநிறத்துக்காகவே வளர்க்கப்படும் இனங்கள் உண்டு. அவற்றைத்தான் வண்ணக் கோரை என்கிறேன். மேனாட்டுத் தோட்டங்களில் இவற்றின் புகழ் பெரிது. ஜப்பானியத் தீவுகளில் பிறந்த ஓர் இனத்தின் இலை நடுவே வெண்ணெய் நிறப் பட்டை ஓடும். இங்கிலாந்தில் பௌல்ஸ் என்ற தோட்டக்கலைஞர் சதுப்பு நிலத்தில் கண்டெடுத்து வளர்த்த பொன்னிறக் கோரை இன்றும் அவர் பெயராலேயே விற்கப்படுகிறது. நியூசிலாந்தின் கோரைகள் சில செம்பு நிறமும், சில ஆரஞ்சுப் பழ நிறமும் கொண்டவை.

இப்பெயர்களையும் படங்களையும் நம்பி நான் ஏமாந்த கதையை இங்கே சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நெடுஞ்சாலை ஓரத்து நர்சரி ஒன்றில் மூன்று தொட்டிகள் வாங்கினேன். விலை, ஒரு நாள் கூலிக்கு மேல். கடைக்காரர் எல்லாவற்றையும் 'கலர் கிராஸ்' என்றே சொன்னார். ஒன்று வெண்ணெய்ப் பட்டைக் கோரை. ஒன்று செம்புக் கோரை. மூன்றாவது வெள்ளைக் கோடு போட்ட ஒரு குடைச்செடி. மார்கழியில் மூன்றும் கண்ணைப் பறித்தன. பங்குனியில் வெண்ணெய்ப் பட்டை நுனியிலிருந்து கருகத் தொடங்கியது. கத்திரி வெயிலில் அடிக்குருத்து அழுகிற்று. செம்புக் கோரையோ உயிரோடிருக்கும்போதே காய்ந்ததுபோல் தோற்றமளிப்பது. அது மாண்டு பல நாள் கழித்தே எனக்கு விவரம் தெரிந்தது. அதுவரை காலையும் மாலையும் நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். குடைச்செடி மட்டும் குளியலறைக் கழிநீர் ஓரத்தில் நின்று, ஒன்றுக்கு ஐந்தாகத் தூறு கட்டியது.

இதில் கடைக்காரரைக் குறை கூறிப் பயனில்லை. மாண்டவை இரண்டும் குளிர்நாட்டுச் செடிகள். பனியை அவை தாங்கும். நம் வள்ளூர்ப் பக்கத்தின் சித்திரை இரவுப் புழுக்கத்தைத் தாங்கா. உதகையில் வீடுள்ளவர் அவற்றை வைத்துப் பார்க்கட்டும். திருவள்ளூரிலும் பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் அவற்றுக்குக் கொடுக்கும் பணம் தண்டம் என்பதே என் முடிவு. படத்தைப் பார்த்து விதைநெல் வாங்காத நாம், படத்தைப் பார்த்துச் செடி வாங்கலாகாது.

பிழைத்த குடைச்செடியே என் வழக்குக்குச் சாட்சி. நர்சரிகளில் இதை 'அம்ப்ரெல்லா பாம்' என்பார்கள். இது பனையன்று, கோரையே. தாயகம் ஆப்பிரிக்காவும் மடகாஸ்கரும். குடைக்கோரை என்று நாம் அழைப்போம். நேரான தண்டு, அதன் தலையில் குடைக்கம்பிபோல் சுற்றிலும் விரிந்த பசிய இதழ்கள். இலை என்று நாம் நினைப்பது உண்மையில் பூங்கொத்துக்கு அடியில் நிற்கும் பூவடி இலை. மெய்யான இலை தண்டின் அடியில் வெறும் உறையாகக் குறுகிவிட்டது. பசுமையான இனம் எங்கும் கிடைக்கும். தண்டிலும் குடையிலும் வெள்ளைக் கோடு ஓடும் வகைதான் நமக்கு வேண்டிய வண்ணக் கோரை. சில சமயம் ஒரு குடை முழுவதும் வெள்ளையாகவே விரியும். விளக்கேற்றும் நேரத்தில் அதைப் பார்ப்பது தனி இன்பம்.

வாங்குமுன் விரலால் சோதிக்க வேண்டும். கோரையின் தண்டில் கணு இராது. உள்ளே கூடு இராது. பெரும்பாலான இனங்களில் மூன்று விளிம்பு தட்டுப்படும். குடைக்கோரையில் அவ்விளிம்பு சற்று மழுங்கியிருக்கும். புல்லின் தண்டோ உருண்டு, கணு வைத்து, உள்ளே கூடாயிருக்கும். கோடு போட்ட புல்லையும், கோடு போட்ட தாழையையும், வேறு சில தொட்டிச் செடிகளையும் ஒரே பெயரில் விற்பது வழக்கமாகிவிட்டது. அவை கெட்ட செடிகள் அல்ல. ஆனால் கழிநீர் ஓரத்துக்கு வாங்கியவர் மேட்டுநிலச் செடியைக் கொண்டுபோய் நட்டால் ஒரு வாரத்தில் அழுகும்.

நிற்க. இக்கோடு எப்படி வருகிறது என்பதை நம் நெசவாளர் அன்பர்கள் மற்றவர்களைவிட எளிதில் உணர்வார்கள். வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை. செடியின் குருத்துமுனையில் பச்சையம் உண்டாக்கும் கண்ணறைகளும் உண்டாக்காத கண்ணறைகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கிருந்து இலை நீளும்போது ஒவ்வொன்றும் தன் நிறத்தை நீளவாட்டில் இழுத்துச் செல்கிறது. பாவில் ஒரு வெள்ளை இழையைக் கோத்துவிட்டால் அது துணி முடியுமட்டும் ஓடுகிறதல்லவா? அதே போன்றதுதான். கோரை இலையின் நரம்புகள் இணையாக ஓடுவதால் கோடும் கோணாமல் ஓடுகிறது. பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் லுங்கிக்குக் கோடு பிரித்துப் பாவு ஓட்டுபவர் இதைக் கண்டால் ஒரு கணம் நின்று பார்ப்பார். (மலாய் நாட்டார் இன்றும் கட்டுகிற கட்டம் போட்ட கைலிக்குப் 'பெலிக்காட்' என்று பெயர், அது நம் பழவேற்காட்டின் பெயரே. கோட்டுக்கும் கட்டத்துக்கும் நாம் புதியவர்கள் அல்லர்.)

ஆனால் இழைக்கும் இலைக்கும் ஒரு வேற்றுமை உண்டு. பாவில் கோத்த வெள்ளை இழை தானாகப் பச்சையாகாது. குடைக்கோரையில் அது நிகழும். தூறிலிருந்து திடீரென்று முழுப் பச்சையாய் ஒரு தண்டு கிளம்பும். பச்சையம் நிறைந்திருப்பதால் அது விரைந்து வளரும். வெள்ளைக் கோடு கொண்டதோ பாதி உணவே சமைக்க வல்லது. ஆறு மாதம் கவனியாது விட்டால் தொட்டி முழுவதும் பச்சையாகிவிடும். பிறகு, "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், கோடு சாயம் போய்விட்டது" என்று புலம்புவோர் உண்டு. பச்சைத் தண்டைக் கண்ட அன்றே அடியோடு, வேர்க்கிழங்குத் துண்டுடன் நீக்க வேண்டும். மேலே கிள்ளினால் போதாது. இச்செடிக்கு வேண்டிய பராமரிப்பில் முக்கால் பங்கு இது ஒன்றே.

பதியன் போடுவதிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். குடையை ஒரு சாண் தண்டுடன் வெட்டி, இதழ்களைப் பாதியாகக் கத்தரித்து, தலைகீழாக ஒரு குவளை நீரில் விட்டால், சில வாரங்களில் குடையின் நடுவிலிருந்து வேரும் குருத்தும் வரும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேடிக்கை கிடையாது. எனினும் அவ்வாறு வரும் கன்றுகள் பச்சையாகப் போவதே மிகுதி. விதையும் கோட்டைக் காப்பதில்லை. கோடு நிலைக்க வேண்டுமாயின், நல்ல கோடுள்ள தூறை அரிவாளால் பிளந்து, வேரோடு பிரித்து நடுவதே உறுதி. ஆடி கழிந்து ஆவணித் தூறலில் பிரித்தால் ஐப்பசி மழைக்குள் காலூன்றிவிடும். மழைக்காலத்தில் தொட்டியில் நீர் தேங்குகிறதே என்று அஞ்ச வேண்டாம். மற்றச் செடிகள் வேரழுகி நிற்கும் அந்த மாதங்கள்தான் இதற்குத் தீபாவளி.

மண்ணுக்குப் பெரிய விதி ஒன்றும் இல்லை. வண்டல், மட்கிய தொழு உரம், சிறிது மணல். காலை வெயில் பத்து மணிவரை விழட்டும். அதற்குமேல் நிழல் வேண்டும். உச்சி வெயிலில் வெள்ளைப் பகுதி தீய்ந்து பழுப்பாகும். முழு இருட்டில் வைத்தால் தண்டு மெலிந்து சாயும். சாலையோர வீடுகளில் லாரிப் புழுதி படிந்தால் வாரம் ஒரு முறை நீர் தெளித்துக் கழுவலாம். ஈரம் ஒருபோதும் குறையலாகாது. ஆனால் எந்த நீர் என்பதைக் கவனிக்க வேண்டும். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்தின் நிலத்தடியில் கடலுப்பு ஏறிவருவது 1960களின் இறுதியிலிருந்தே ஆராய்ச்சியாளர் கண்ட செய்தி. உவர்ப்பான ஆழ்குழாய் நீரை நாள்தோறும் ஊற்றினால் உப்பு தொட்டியிலேயே தங்கி, நுனி கருகும். அரிசி கழுவிய நீர், பாத்திரம் அலசிய இரண்டாம் நீர், மழைநீர் ஆகியவை உத்தமம்.

இங்கேதான் இச்செடியை நான் வேறு எந்த அழகுச் செடிக்கும் மேலாக விரும்புவதன் காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் பெரும்பான்மைக்குச் சாக்கடை இல்லை. பாத்திரம் துலக்கிய நீர் வாசலோரம் ஒரு பள்ளத்தில் நின்று நாறும், கொசு பெருகும். ரோஜாவுக்கும் குரோட்டனுக்கும் அந்த இடம் ஆகாது. குடைக்கோரைக்கு அதுவே சொர்க்கம். கழிநீரை வேர்ப்படுகையில் விட்டுத் தெளியவைக்கும் முறைக்குப் பல நாடுகளில் இதே செடியைப் பயன்படுத்துகிறார்கள். நம் அளவுக்கு, செங்கல் வைத்துச் சிமெண்டு பூசிய ஒரு சிறு தொட்டி போதும். அடியில் ஜல்லி, மேலே மணல், நடுவில் இரண்டு தூறு கோரை. நீர்மட்டம் மணலுக்குக் கீழே நிற்கும்படி பார்த்துக்கொண்டால் கொசு முட்டையிட இடமே இராது. நீர் வெளிப்பட்டு நிற்கும் தொட்டியில் கோரை வைத்துவிட்டு டெங்குவை அழைப்பவர், என்னைக் குறை சொல்லக் கூடாது.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சாயம் தோய்த்த நீரை இதில் விடாதீர்கள். வீட்டிலேயே நூலுக்குச் சாயமேற்றும் அங்கத்தினர் சிலர், "கோரைதான் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடுமே" என்று கேட்டதாக அறிந்தேன். உறிஞ்சாது. சாயநீரின் உப்பு செடியைக் கொல்லும். அதன்பின் மண்ணுக்குள் இறங்கி அண்டை வீட்டுக் கிணற்றையும் கெடுக்கும். நொய்யல் ஆற்றுக்கு நேர்ந்த கதியால், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதை யாவரும் அறிவர். அவ்வளவு பெரிய தொழிலால் சமாளிக்க முடியாததை இரண்டு தூறு கோரை சமாளிக்கும் என்று எண்ணுவது பேதைமை.

முதியவர் சொன்னதில் பாதி நியாயம் என்றேன். அது இதுதான்: அழகுக்கென்று கொணர்ந்த செடி வேலி தாண்டினால் என்ன ஆகும்? ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து பூவழகுக்காக வந்தது; இன்று நம் ஏரிகளில் அது படுத்திருக்கும் கோலத்தைச் சொல்ல வேண்டியதில்லை. உண்ணிச்செடியும் தோட்ட அலங்காரத்துக்கு வந்ததுதான். இப்போது காடுகளை மூடிக்கொண்டிருக்கிறது. குடைக்கோரை கோரைக்கிழங்கைப்போல் வயலெங்கும் கிழங்கு விட்டுப் பரவுவதன்று, தூறாகவே நிற்பது. எனினும் ஆஸ்திரேலியா முதலிய இடங்களில் நீரோடைகளில் இறங்கிக் களையாகியிருக்கிறது. கொசத்தலையாறு பூண்டி ஏரிக்கு நீர் தருகிறது. சென்னை நகரம் குடிப்பது அந்நீரை. ஆரணியாறு பழவேற்காட்டு ஏரியில் சேர்கிறது. இவ்விரண்டு ஆற்றின் கால்வாய் ஓரத்திலும் ஒருவரும் இதை நடலாகாது. பிடுங்கிய பச்சைத் தூறுகளைக் கால்வாயில் வீசவும் கூடாது. வெயிலில் உலர்த்தி எரிக்கலாம், அல்லது நன்கு காய்ந்தபின் எருக்குழியில் இடலாம். பூ பழுப்பேறி விதை உதிருமுன் குடையைக் கத்தரித்துவிட வேண்டும். இந்நிபந்தனைகளுக்கு உடன்படாதவருக்குச் சங்கம் தூறு கொடுக்கக் கூடாது என்பதே என் கருத்து. வெண்ணிறப் பூவடி இலை கொண்ட நட்சத்திரக் கோரை ஒன்றும் நர்சரிகளில் தென்படுகிறது. வட அமெரிக்காவின் தென்கிழக்குச் சதுப்புகளிலிருந்து வந்தது; வெப்பத்தைத் தாங்கும்; பார்வைக்கு நட்சத்திரம் இறைத்தாற்போல் இருக்கும். ஆயினும் அதன் வேர் மண்ணுக்குள் ஓடுவது. தொட்டியைத் தவிர வேறெங்கும் அதை வைக்க நான் சம்மதியேன்.

இதில் வருமானம் உண்டா என்று இளைஞர் சிலர் கேட்கிறார்கள். சிறிது உண்டு. கோடு மாறாத நல்ல தூறுக்கு நர்சரிகளில் எப்போதும் கேட்பு இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளின் முகப்புத் தோட்டங்களுக்கும் செடி வாங்குகிறார்கள். ஆனால் இதற்காக நகைக்கடன் வாங்குபவரைக் கண்டால் நானே தடுப்பேன். அழகுச் செடியின் சந்தை பண்டிகைக் கடை போன்றது. இவ்வருடம் கேட்டவர் அடுத்த வருடம் வேறொன்றைக் கேட்பார். நெல்லையும் மல்லிகையையும் தறியையும் விட்டுவிட்டு இதன் பின்னே போகச் சொல்லி நான் எழுதவில்லை. வண்ணக் கோரையால் பாய் நெய்யலாமே என்ற யோசனையும் பயன்படாது. பாய்க்கோரை காய்ந்தால் பச்சை வெளுக்கும். இதுவும் அப்படியே வெளுக்கும். கோடு எங்கே நிற்கும்? பாயின் வண்ணம் சாயத்தால் வருவது, செடியால் அன்று.

எனவே நான் வேண்டுவது சிறிய காரியம். சங்க அலுவலகக் குழாயடியில், வீணாக ஓடும் நீரைத் தேக்கி ஒரு சிமெண்டுத் தொட்டி. அதில் நான்கு தாய்த்தூறுகள். என் வீட்டிலிருந்து இலவசமாகவே தருகிறேன். ஆவணிதோறும் அவற்றைப் பிரித்து, கேட்கும் அங்கத்தினருக்கு ஒன்றாகக் கொடுப்போம். பெற்றவர் அடுத்த ஆவணியில் ஒரு தூறைச் சங்கத்துக்குத் திருப்பித் தர வேண்டும்; அசலும் வட்டியும் அதுவே. 1904இல் கூட்டுறவுக் கடன் சட்டம் வந்த அதே ஆண்டில், நாட்டின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் நம் மாவட்டத்துத் திரூரில்தான் பதிவாயிற்று. பணத்தை அவ்வாறு சுழலவிடக் கற்றவர்கள், ஒரு தூறு செடியையும் சுழலவிடக் கூடும். தனித்தனியே நர்சரிக்குப் போய் ஒவ்வொருவரும் என்னைப்போல் மூன்றில் இரண்டை இழப்பதைவிட, நம் வெயிலில் நின்று காட்டிய ஒன்றைப் பங்கிடுவது மேலல்லவா?

எதிர்க்கருத்துள்ளவர்கள் எழுதலாம், முதியவரும் எழுதட்டும், ஆவலோடு காத்திருக்கிறேன். வருகிற மகாசபைக்கு என் தொட்டி ஒன்றைக் கொண்டுவருகிறேன். அதில் ஒரு பச்சைத் தண்டை வேண்டுமென்றே பிடுங்காமல் விட்டிருக்கிறேன். அதன் உயரத்தையும் பக்கத்திலுள்ள கோட்டுத் தண்டின் உயரத்தையும் அவரே முழம் போட்டு அளந்து பார்க்கலாம்.